வேகம் இருந்தால் மட்டும் சூப்பர் கார் ஆகிவிடுமா?

சீனாவின் பிஒய்டி செய்யும் மின்சாரக் கார் சீல். அதன் உச்ச மாடலுக்கு 530 குதிரைத்திறன். நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட 3.8 விநாடி என்கிறது கம்பெனி. நாலு கதவு, பின் சீட்டில் மூன்று பேர், டிக்கியில் சாமான். 1984-ல் வந்த ஃபெராரி டெஸ்டரோஸாவுக்கு 390 குதிரைத்திறன்தான். அதே நூறைத் தொட ஆறு விநாடிக்குக் கொஞ்சம் குறைவாக எடுத்துக்கொள்ளும். சிக்னலில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பச்சை விழுந்தால், ஃபெராரிக்காரர் சீலின் பின் விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். ஆனாலும் சீலை யாரும் சூப்பர் கார் என்பதில்லை. டெஸ்டரோஸாவை அந்தப் பட்டியலிலிருந்து யாரும் எடுப்பதும் இல்லை.

அப்புறம் ஏன் இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் "எத்தனை ஹெச்பி, நூறுக்கு எத்தனை செகண்ட்" என்றே ஆரம்பிக்கிறோம்? இன்று வாயைப் பிளக்க வைக்கும் எண், கொஞ்ச வருடத்தில் குடும்பக் காருக்கு வந்துவிடுகிறது. மற்ற அளவுகோல்களும் நிற்பதில்லை. விலையா? ரோல்ஸ் ராய்ஸ் ஃபேன்டம் பல சூப்பர் கார்களைவிட விலை கூடியது. அதை யாரும் அந்தப் பேரில் கூப்பிடுவதில்லை. இன்ஜின் பின்னால் இருக்க வேண்டுமா? டாடா நானோவுக்கும் பின்னால்தான் இருந்தது. (நானோவைக் கிண்டல் செய்யவில்லை. இடத்தை மிச்சம் பிடித்த விதத்தில் அது கெட்டிக்கார வண்டி.) கதவு மேலே திறக்க வேண்டுமா? காசு கொடுத்தால் சாதாரண செடானுக்கே அதை மாட்டித் தருகிறார்கள்.

என் கணக்கு இது. ஒரு காரை உருவாக்கும்போது பொறியாளர்கள் எத்தனையோ இடங்களில் "இது போதும்" என்று நிறுத்திக்கொள்கிறார்கள். விலைக்காக, டிக்கிக்காக, சர்வீஸ் வசதிக்காக, ஏற்கெனவே கையில் இருக்கும் பாகத்தைப் பயன்படுத்திக்கொள்வதற்காக. அப்படி நிறுத்துவதுதான் நல்ல பொறியியல். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல், ஓட்டுபவருக்குக் கிடைக்கப்போகும் ஏதோ ஒன்றுக்காகப் பிடிவாதமாக மேலே போன வண்டியைத்தான் நான் சூப்பர் கார் என்பேன். அந்தப் பிடிவாதம் ஒரு மூலையில் இருந்தால் போதாது, வண்டி முழுக்க இருக்க வேண்டும்.

இப்படிச் சொன்னதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இத்தாலிய வண்டி எதுவும் இல்லை, லெக்ஸஸ் எல்எஃப்ஏ. கொரோலாவும் கேம்ரியும் செய்கிற டொயோட்டாவின் வேலை. இன்ஜின் முன்னால். அலுமினிய உடம்போடு சில வருடம் உழைத்த பிறகு, அது சரிப்படவில்லை என்று பாதி வழியில் கார்பன் ஃபைபருக்கு மாறினார்கள். வேறு எந்த காராக இருந்தாலும் அந்த இடத்தில் கணக்குப் பிரிவிலிருந்து ஆள் வந்து கதவைச் சாத்தியிருப்பார். இவர்களோ கார்பன் இழையை வட்டமாகப் பின்னுவதற்கு ஒரு தறியே வைத்துக்கொண்டார்கள். டொயோட்டா குடும்பம் தொழிலுக்கு வந்ததே தறி செய்துதான் என்று தெரிந்தவர்களுக்கு இதில் தனி ருசி உண்டு. 4.8 லிட்டர் வி10 (பத்து சிலிண்டர்) இன்ஜின் யமஹாவோடு சேர்ந்து உருவானது. அதன் சத்தத்தை மெருகேற்ற யமஹாவின் ஒலித் தொழில்நுட்ப ஆட்களையும் கூட்டிவந்தார்கள். ஐடிலிலிருந்து (நின்றபடி சும்மா ஓடும் நிலை) 9,000 ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கு 9,000 சுற்று) 0.6 விநாடியில் ஏறிவிடும் இன்ஜின் அது. சாதாரண முள்ளால் அந்த ஏற்றத்தைத் துரத்த முடியாது என்பதற்காகவே டிஜிட்டல் மீட்டர் வைத்தார்கள். 2010 கடைசியிலிருந்து 2012 கடைசி வரை மொத்தம் 500 கார்கள். 560 குதிரைத்திறன். அமெரிக்காவில் விலை 3,75,000 டாலர்.

அதே காலத்தில் அதே ஜப்பானில் நிசான் ஜிடி-ஆர் விற்றுக்கொண்டிருந்தது. விலை கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. நூறைத் தொடுவதில் எல்எஃப்ஏவைவிட முந்தி. "அப்புறம் எதற்கு எல்எஃப்ஏ?" என்று அன்றைக்கே கேட்டார்கள், இன்றைக்கும் கேட்கிறார்கள். ஜிடி-ஆர் எனக்கும் ரொம்பப் பிடித்த வண்டி. ஒவ்வொரு இன்ஜினையும் ஒரே தொழிலாளி முழுதாகக் கோத்து முடித்தார் என்பதெல்லாம் சாதாரண விஷயம் இல்லை. ஆனால் அந்த கார் பிறந்ததே போர்ஷே 911 டர்போவைக் குறைந்த விலையில் முந்துவதற்காக. ஒவ்வொரு முடிவுக்குப் பின்னாலும் ஸ்டாப்வாட்சும் விலைச்சீட்டும் இருக்கின்றன. சூப்பர் கார்களை வேட்டையாட வந்த வண்டி அது. புலியை அடித்ததற்காக வேட்டைக்காரனைப் புலி என்று சொல்ல மாட்டோம். ஜிடி-ஆர் ரசிகர்கள் கோபிக்கலாம், பரவாயில்லை.

இந்த வகையே பிறந்தது லம்போர்கினி மியூராவோடு என்று பலர் சொல்வார்கள். நானும் அந்தக் கட்சிதான். முதலாளி ஃபெருச்சோ லம்போர்கினிக்கு வேண்டியிருந்தது சொகுசாக நெடுந்தூரம் போகும் கார். ஆனால் பொறியாளர்கள் தல்லாரா, ஸ்டான்ஸானி, சோதனை ஓட்டுநர் பாப் வாலஸ் என்று இருபதுகளில் இருந்த மூன்று பேருக்குப் பந்தயக் கார் ஆசை. 1965 டூரின் கண்காட்சியில் மேல் உடம்பே இல்லாத வெறும் சேஸியைக் கொண்டுபோய் வைத்தார்கள். அடுத்த வருடம் ஜெனீவாவில், மார்செல்லோ காந்தினி வரைந்த உடம்போடு முழு கார் வந்தது. 3.9 லிட்டர் வி12 இன்ஜினைக் குறுக்கே திருப்பி சீட்டுக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். இடம் போதாததால் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே வார்ப்பு, ஒரே ஆயில். வேகம் ஏறினால் மூக்கு லேசாகும் (முன் சக்கரத்தின் பிடி தளரும்). பெட்ரோல் டேங்க் முன்பக்கம் என்பதால் பெட்ரோல் குறையக் குறைய இன்னும் லேசாகும். உள்ளே சூடு, காதுக்குப் பின்னாலேயே இரைச்சல். ஒழுங்கான கார் என்று மதிப்பெண் போட்டால் பாஸாவதே சந்தேகம். மியூராவுக்கு அடுத்து வந்த கவுன்டாக் காரை ரிவர்ஸ் எடுக்க, கதவைத் தூக்கிவிட்டு வாசல் விளிம்பில் உட்கார்ந்து பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டு மக்கள் காசு கொடுத்தார்கள்.

இங்கேதான் ஒரு கோஷ்டி வந்து, "கஷ்டம் கொடுத்தால்தான் சூப்பர் கார்" என்று சொல்லும். எனக்கு இதில் சம்மதம் இல்லை. 1990-ல் வந்த ஹோண்டா என்எஸ்எக்ஸ் அந்த வாதத்தை உடைத்துவிட்டது. அலுமினிய மோனோகாக் (உடம்பும் சட்டமும் ஒன்றே), டைட்டானியம் கனெக்டிங் ராட் (பிஸ்டனோடு இணையும் தண்டு), 8,000 ஆர்பிஎம் வரை பாடும் வி6. சுஸுகா பந்தயத் தடத்தில் ஃபார்முலா 1 ஓட்டுநர் அயர்ட்டன் சென்னா ஓட்டிப் பார்த்துவிட்டு உடம்பு இன்னும் விறைப்பாக இருக்க வேண்டும் என்று சொன்னதும் மறுபடி உட்கார்ந்து அதைச் சரிசெய்தார்கள். குதிரைத்திறன் 270-ஐ ஒட்டித்தான். ஆனால் ஏசி வேலை செய்யும், கண்ணாடி வழியாக வெளியே எல்லாம் தெரியும், தினமும் ஆபீஸுக்கு ஓட்டிப் போகலாம். வசதியிலும்கூட "போதும்" என்று சொல்ல மறுத்தவர்கள் இவர்கள். வடிவமைப்பாளர் கோர்டன் மர்ரே தன் மெக்லாரன் எஃப்1 கார் எப்படி ஓட வேண்டும் என்பதற்கு என்எஸ்எக்ஸைத்தான் அளவுகோலாக வைத்துக்கொண்டார். இதற்கு மேல் என்ன சான்றிதழ் வேண்டும்?

எஃப்1 பற்றித் தனியாகவே எழுதலாம். ஓட்டுபவர் நடுவில், இரண்டு பக்கமும் சற்றுப் பின்தள்ளி ஆளுக்கொரு சீட். இன்ஜின் அறையில் வெப்பத்தைத் திருப்பிவிட மெல்லிய தங்கத் தகடு. பவர் ஸ்டீயரிங் இல்லை, ஏபிஎஸ் இல்லை, டர்போ இல்லை. 1995-ல் இதன் பந்தய வடிவம் லு மான் 24 மணி நேரப் போட்டியை வென்றது. 1998-ல் 386 கி.மீ. வேகத்தைத் தாண்டியது. மர்ரே அந்த எண்ணைத் தேடிப் போகவில்லை, வழியில் கிடைத்தது.

புகாட்டி வேரான் நேரெதிர். 1,001 குதிரைத்திறன், 400 கி.மீ.க்கு மேல் என்று முதலில் எண்ணை முடிவுசெய்துவிட்டுப் பிறகு காரைச் செய்தார்கள். அதற்கு 10 ரேடியேட்டர் தேவைப்பட்டது. அந்தப் பிடிவாதத்துக்காக மனமில்லாமல் சேர்த்துக்கொள்கிறேன்.

சரி, மின்சாரக் கார்கள்? டெஸ்லா மாடல் எஸ் பிளாட் 1,020 குதிரைத்திறன் கொண்டது. அதே குடும்பக் காருக்கு இன்னொரு மோட்டார் சேர்த்ததால் வந்த சக்தி, சூப்பர் கார் இல்லை. குரோஷியாவின் ரிமாக் நெவெரா அப்படி இல்லை. பேட்டரியே அதன் உடம்பின் ஒரு பகுதி, 1,914 குதிரைத்திறனுக்காக அடியிலிருந்து உருவாக்கிய வண்டி. என் கணக்கில் பாஸ். ஆனாலும் பெரும் பணக்காரர்கள் மின்சார ஹைப்பர் காரில் (சூப்பர் காருக்கும் ஒரு படி மேலே) ஆர்வம் காட்டவில்லை என்று 2024-ல் கம்பெனியைத் தொடங்கிய மாட்டே ரிமாக்கே வெளிப்படையாகச் சொன்னார். இந்தப் பக்கம் மர்ரே, சுமார் 660 குதிரைத்திறனோடு, கையால் கியர் போடும் டி.50 என்ற காரை 2020-ல் அறிவித்தார். வி12 இன்ஜின் 12,100 ஆர்பிஎம் வரை சுற்றும், எடை ஒரு டன்னுக்குள். வரி இல்லாமலே 20 லட்சம் பவுண்டுக்கு மேல் விலை சொல்லியும் 100 கார்களும் விற்றுப்போயின.

லம்போர்கினியின் எஸ்யூவியான உருஸைப் பற்றியும் கேட்பீர்கள். ஆடி க்யூ8-ம் அதுவும் ஒரே அடித்தளத்தில் நிற்பவை. கல்யாண ஊர்வலத்துக்கு நன்றாக இருக்கும்.