எட்டு தகடு ஒரு தடித் தகடு ஆகாது

கவசத் தகடுகள் பற்றிய உங்கள் கட்டுரை நன்றாக இருக்கிறது. ஆனால் 'ஒரே தடித் தகட்டைவிடப் பல மெல்லிய தகடுகளை அடுக்கினால் எப்போதும் வலிமை கூடும்' என்று எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வந்த மானிட்டர் என்ற இரும்புக் கவசக் கப்பலையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பீரங்கிக் கோபுரம் 1 அங்குல இரும்புத் தகடுகள் எட்டை அடுக்கி, போல்ட் போட்டு இறுக்கியது. அடுக்கினால் பலம் என்று நினைத்துச் செய்ததல்ல. தடித்த தகட்டை அவசரத்துக்கு உருட்டித் தர அங்கே ஆலை வசதி போதவில்லை. அதே காலத்து பிரிட்டனின் வாரியர் கப்பலில் நாலரை அங்குல ஒற்றைத் தகடு, பின்னால் 18 அங்குலத் தேக்கு.

வளையாமல் நிற்கும் விறைப்பு தடிமனின் மும்மடிக்கு (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏற்பக் கூடும். ஒட்டாமல் சும்மா அடுக்கிய எட்டு தகடுகளுக்கு, அதே தடிமனுள்ள ஒற்றைத் தகட்டின் விறைப்பில் 64-ல் ஒரு பங்குதான் இருக்கும். போல்ட் ஓரளவு உதவும், சரி. ஆனால் அந்த போல்ட்டே ஆபத்தாகவும் முடிந்தது. அதே போரில், 1863 ஏப்ரலில் நடந்த சார்ல்ஸ்டன் துறைமுகத் தாக்குதலில், மானிட்டர் வகையைச் சேர்ந்த நஹான்ட் கப்பலின் சுக்கான் அறைக்குள் குண்டின் அதிர்ச்சியில் போல்ட் தெறித்து, சுக்கான் பிடித்தவர் இறந்தே போனார். கவசத்தை எதுவும் துளைக்கவில்லை!

அடுக்குக்குப் பலன் உண்டுதான். முன்னால் கடினமான தகடு, பின்னால் நெகிழ்ந்து கொடுக்கும் தகடு என்று வைத்தாலோ, நடுவே இடைவெளி விட்டாலோ கதை வேறு. கட்டுரையில் அந்தப் பகுதியைத்தான் விரித்து எழுதியிருக்க வேண்டும்.