சுகாதார விதிகளை எழுதும் மேசையில் துப்புரவுப் பணியாளருக்கும் இடம் வேண்டும்

பணியிடச் சுகாதாரம் என்றதும் பல நிர்வாகங்கள் முதலில் செய்வது, கைகழுவும் தொட்டிக்கு மேலே ஓர் அறிவிப்பை ஒட்டுவதுதான். சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லும் அந்தத் தாளுக்குக் கீழே சோப்பு தீர்ந்துபோயிருப்பதை யாரும் கவனிப்பதில்லை. சுகாதார விதி என்பது நிர்வாகம் முதலில் தானே ஏற்கும் கடமையாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வணிக நிறுவனங்களுக்கும் அலுவலகங்களுக்குமாக 1964இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய 120ஆம் உடன்படிக்கையும் குடிநீர், கழுவுமிடம், கழிப்பறை, காற்றோட்டம் ஆகியவற்றைப் போதிய அளவில் அமைத்துத் தருவதைப் பற்றியே பேசுகிறது. முறையாகக் கைகழுவ 40 முதல் 60 நொடிகள் ஆகும் என்கிறது உலகச் சுகாதார அமைப்பு. கழிப்பறைக்குப் போய்வரும் நேரத்தையே கணக்குப் பார்க்கும் மேலாளரிடம் வேலை செய்பவர், அந்த நொடிகளுக்கு எங்கே போவார்?

இதைவிட என்னை வருத்துவது, விதி எழுதும் கூட்டத்திற்குத் துப்புரவுப் பணியாளரை யாரும் அழைப்பதில்லை என்பது. அழுக்கையும் எண்ணெய்ப் பிசுக்கையும் முதலில் கழுவி நீக்கி, பிறகு கிருமிநாசினியைத் தடவி, புட்டியில் குறித்துள்ள நேரம் வரை, பெரும்பாலும் சில நிமிடங்கள், அந்த இடத்தை ஈரமாகவே விட்டால்தான் கிருமிகள் சாகும். ஒரு தளம் முழுவதையும் ஒற்றை ஆளிடம் ஒப்படைத்து அரைமணி நேரத்தில் முடிக்கச் சொன்னால், அவர் ஒரு கையால் தெளித்து மறு கையால் துடைத்துக்கொண்டே நகர்வார். கழிப்பறையைத் துடைத்த துணியே தேநீர் மேசைக்கும் வரும். இடத்திற்கொரு நிறத்தில் துணி வாங்கித் தருவது பெரிய செலவல்ல. பிளீச்சிங் கரைசலையும் அமிலம் கலந்த கழிப்பறைத் திரவத்தையும் சேர்த்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிவரும் என்பதையாவது அவருக்குப் புரியும்படி சொல்லியிருக்க வேண்டாமா? கையுறைகூடக் கொடுக்காத இடங்கள் இருக்கின்றன.

கழிப்பறைக் கதவின் பின்புறம் தொங்கும் அட்டவணையைப் பாருங்கள். மணிக்கொரு கட்டம், எல்லாவற்றிலும் ஒரே மையில், ஒரே மூச்சில் போட்ட கையெழுத்து. அதைப் பொய் என்று அந்தப் பணியாளரைக் கண்டிப்பது எளிது. செய்ய முடியாத வேலையை அட்டவணையாக்கியவரைத்தான் நான் கேள்வி கேட்பேன்.

காய்ச்சலோடும் வயிற்றுப்போக்கோடும் வேலைக்கு வரக்கூடாது என்ற விதியும் இப்படித்தான். ஊதியத்துடன் கூடிய நோய் விடுப்பை, ஒப்பந்தப் பணியாளர்களுக்கும் சேர்த்து, முதலில் உறுதி செய்துவிட்டு அதை எழுதட்டும்.