மூன்று நிமிடத்தில் முடிகிற விஷயமா அது?

ஞாயிற்றுக்கிழமை இசை கேட்கும் கூட்டத்தில், போலந்து இசையமைப்பாளர் ஹென்ரிக் குரெட்ஸ்கியின் மூன்றாம் சிம்பொனிக்கு என்ன கதி ஆனது என்று வந்தவர்களுக்குத் தெரியும். "தூக்க மாத்திரை" என்று சொல்லி நண்பர் நிறுத்திவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன், அதுதான் இன்னும் குடைகிறது.

முழுசாகக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான். முதல் பகுதி மட்டுமே 25 நிமிடங்களுக்கு மேல். டபுள் பேஸ்கள், அதாவது வயலின் குடும்பத்தின் பெரியண்ணன்கள், அடிமட்டத்தில் முனகலாக ஆரம்பிக்கும். அதே மெட்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தந்தி வாத்தியக் குழுவாகப் பின்னால் வந்து சேரும். நடுவில்தான் பாடகியின் குரலே வரும். நண்பர் மூன்றாவது நிமிடத்தில் நிறுத்தினார். அதுவும் "ஸ்பீக்கர் எதுக்கு, போனே போதும்" என்று போனில் போட்டு! அந்த ஆழத்து ஒலி போனில் வராது ஐயா. கேட்காத ஒன்றுக்குத்தான் தீர்ப்பு எழுதினீர்கள்.

மெதுவாக இருக்கிறது என்பீர்கள். ஆமாம், மூன்று பகுதிகளும் மெதுவானவைதான். சரி, அதனால்?

இதன் ஆல்பம் பத்து லட்சத்துக்கு மேல் விற்றதால் மலிவான சரக்கு என்பது அடுத்த வாதம். 1977இல் பிரான்சின் ருவாயானில் அரங்கேறியபோது நவீன இசைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். 1992இல் டான் அப்ஷா பாடி, டேவிட் ஜின்மன் இசைக்குழுவை நடத்திய ஆல்பம் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் பாப் ஆல்பங்களோடு மோதி ஆறாம் இடம்வரை போனது. விற்காதவரை பிற்போக்கு, விற்றால் மலிவு. குரெட்ஸ்கி மனுஷன் என்னதான் செய்வார்? போன மாதம் என்னை 'மேட்டுக்குடி ரசனை' என்றவரும் இதே நண்பர்தான். ஏதாவது ஒரு பக்கம் நில்லுங்கள் சாமி.

இரண்டாம் பகுதியின் வரிகள், போலந்தின் சாகோபானே ஊரில், நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டபோவின் சிறைச் சுவரில் 1944இல் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி கிறுக்கியவை. ஒரு நாள் வீட்டில் அது ஓடிக்கொண்டிருந்தபோது, "இந்தப் பொண்ணு யார்கிட்ட பேசுறா?" என்று அம்மா கேட்டார். "அவ அம்மாகிட்ட. அழாதேம்மான்னு சொல்றா" என்றேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. குக்கர் விசில் அடித்துவிடக் கூடாது என்று அடுப்பை அணைத்துவிட்டு, முடியும்வரை நின்றுகொண்டே கேட்டார். அவருக்கு சிம்பொனியும் தெரியாது, போலிஷ் மொழியும் தெரியாது.

இதையும் சென்டிமென்ட் என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்துக்கு ஸ்பீக்கரை நானே தூக்கிக்கொண்டு வருகிறேன். 53 நிமிடம் உட்கார முடியாதவர்கள் டீக்கடையிலேயே இருந்துவிடலாம், எனக்கு வருத்தமில்லை.