அஸ்தம்பட்டிச் சுவரில் அப்பா ஒட்டிய படம்

எதிர்க்கட்சிகள் ஒன்றுசேர வேண்டும் என்று பேச்சு எழுந்தாலே யாராவது ஒருவர் கூட்டல் கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறார். இந்தக் கட்சிக்கு இத்தனை சதவீதம், அந்தக் கட்சிக்கு அத்தனை, கூட்டிப் பார்த்தால் ஆளுங்கட்சி காலி. போன வாரம் எங்கள் தெருத் திருமண வீட்டுப் பந்தியில் இந்தக் கணக்கைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். சாப்பிடுகிற இடத்தில் வாதம் செய்ய மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அது நெஞ்சை விட்டு இறங்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். நீண்ட பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1967 தேர்தலின்போது எனக்குப் பத்து வயது. சேலம் அம்மாபேட்டையில் ஓட்டு வீடு, உள்ளே இரண்டு குழித்தறிகள். ஒன்றில் அப்பா, மற்றொன்றில் பெரியப்பா. 1964இல் கம்யூனிஸ்ட் கட்சி உடைந்தபோது எங்கள் வீடும் உடைந்தது. அப்பா இடது (மார்க்சிஸ்ட்), பெரியப்பா வலது. 1967இல் காங்கிரஸை எதிர்த்துத் திமுகவின் அண்ணா அமைத்த கூட்டணியில் அப்பாவின் கட்சி இருந்தது, பெரியப்பாவின் கட்சி இல்லை. காங்கிரஸை விட்டு விலகிச் சுதந்திராக் கட்சி நடத்திய இன்னொருவரும் அந்தக் கூட்டணியில் இருந்தார். ராஜாஜி.

வெளியூர்க்காரர்களுக்கு இதன் கனம் உடனே விளங்காது. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் மத்திய சிறையில் கம்யூனிஸ்டுக் கைதிகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 22 பேர் செத்தார்கள். மலபாரிலிருந்து கொண்டுவரப்பட்ட விவசாயிகள் அவர்களில் பலர். அப்போது இங்கே காங்கிரஸ் ஆட்சி. இரண்டு ஆண்டு கழித்து முதலமைச்சரான ராஜாஜி, கம்யூனிஸ்டுகளே தம் முதல் எதிரி என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். என் அப்பா ஒவ்வொரு பிப்ரவரி 11ஆம் தேதியும் தறியில் இறங்க மாட்டார். கூலி போகும், அம்மா முணுமுணுப்பார், இருந்தாலும் அன்று நாடா ஓடாது.

அந்த அப்பா, தேர்தலுக்கு முந்தைய வாரங்களில், அண்ணா படத்தோடு ராஜாஜி படமும் அச்சிட்ட சுவரொட்டிக் கட்டைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு கிளம்பினார். பசை வாளியைப் பிடித்துக்கொள்ள என்னையும் கூட்டிப்போனார். அரிசி கிடைக்காத காலம் அது. பல நாள் இரவில் மரவள்ளிக் கிழங்குதான் எங்கள் சாப்பாடு. பசையும் அதே கிழங்கு மாவில் காய்ச்சியதுதான். "வயிற்றுக்குப் போக வேண்டியதைச் சுவருக்குப் பூசுகிறீர்களே" என்று அம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

அஸ்தம்பட்டியில் சிறைச்சாலைப் பக்கம் வந்ததும் அப்பா சைக்கிளை நிறுத்தினார். கொஞ்ச நேரம் அந்த மதிலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த ஒரு சுவரில் பசை தடவி, ராஜாஜி படம் இருந்த தாளை ஒட்டி, உள்ளங்கையால் நீவிவிட்டார். எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. பல ஆண்டுகள் கழித்துக் கேட்டேன். "அவரை நான் மன்னிக்கவில்லை, பாப்பா. ரேஷன் வரிசையில் நிற்கிறவர்களிடம் போய் என் கோபத்தைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?" என்றார்.

கூட்டணி என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு அந்தக் கைதான் நினைவுக்கு வருகிறது. எத்தனை தலைவர்கள் கைகோத்து மேடையில் நின்றாலும், சிறை மதிலுக்கு எதிரே நின்று பகைவரின் படத்தை ஒட்டும் ஒரு தொண்டன் கீழே இல்லாவிட்டால் அது கூட்டணியே ஆகாது என்பது என் திடமான எண்ணம்.

சரி, கணக்குப் போடுகிறவர்களின் கணக்கையும் பார்ப்போம். 1962இல் 206 இடங்களில் காங்கிரஸுக்கு 139. திமுகவுக்கு 50. காஞ்சிபுரத்தில் அண்ணாவே தோற்றார். 1967இல் 234 இடங்களில் திமுகவுக்கு 137, காங்கிரஸுக்கு 51. விருதுநகரில் காமராஜரை ஒரு மாணவர் தலைவர் 1,285 வாக்குகளில் தோற்கடித்தார். இத்தனைக்கும் மாநிலம் முழுவதும் காங்கிரஸ் வாங்கிய வாக்கு 41 சதவீதத்துக்குச் சற்று மேல். திமுக வாங்கியது 41ஐத் தொடவில்லை. தோற்ற கட்சிக்கு வாக்கு அதிகம், வென்ற கட்சிக்கு இடம் அதிகம். திமுக 174 தொகுதிகளில் மட்டும் நின்று மீதியைத் தோழமைக் கட்சிகளுக்கு விட்டுக்கொடுத்தது. ஒரு தொகுதியில் ஒருவர் அதிக வாக்கு வாங்கினால் போதும் என்கிற நம் தேர்தல் முறையில், எதிர்ப்பு வாக்கு சிதறாமல் நின்றதற்குக் கிடைத்த பலன் அது. விடுதலைக்குப் பிறகு 20 ஆண்டுகள் ஆண்ட கட்சி அன்று இறங்கியது, இன்றுவரை இந்த மாநிலத்தில் தனித்து ஆட்சிக்கு வரவில்லை.

ம.பொ.சி.யும் சி.பா. ஆதித்தனாரும் தனித்தனிக் கட்சி நடத்தியவர்கள். இருவரும் உதயசூரியன் சின்னத்திலேயே நின்று வென்றார்கள். சொந்தச் சின்னத்தைக் கீழே வைப்பது ஒரு கட்சிக்காரருக்கு எவ்வளவு வலிக்கும் என்பது கட்சி வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் கூட்டலால் மட்டும் இது நடந்தது என்று யாராவது சொன்னால், அவர் 1971ஐப் பார்க்க வேண்டும்.

அந்தத் தேர்தலில் யார் யாரோடு சேர்ந்தார்கள் தெரியுமா? காமராஜரும் ராஜாஜியும்! முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்நாட்டுக் காங்கிரஸையே இரண்டாகப் பிளந்து வைத்திருந்த போட்டி அவர்களுடையது. அதை மறந்து ஒரே மேடையில் ஏறினார்கள். காகிதத்தில் கூட்டினால் பெரிய அணி. திமுகவோ இந்திரா காந்தியோடு உடன்பாடு செய்துகொண்டு 184 இடங்களில் வென்றது. காங்கிரஸ் பிளந்த பின் காமராஜர் பக்கம் நின்ற காங்கிரஸுக்குக் கிடைத்தது 15.

அந்தப் பிரச்சாரத்தின் நடுவே எங்கள் ஊரும் இருந்தது. 1971 ஜனவரியில் பெரியார் சேலத்தில் மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடு நடத்தினார். அந்த ஊர்வலத்தில் இந்துக் கடவுள் படங்கள் அவமதிக்கப்பட்டதாக எழுந்த புகாரை எதிர்க்கட்சிகள் மாநிலம் முழுவதும் கொண்டுபோய் ஆளுங்கட்சிக்கு எதிரான ஆயுதமாக்கின. மனம் புண்பட்டவர்கள் உண்மையிலேயே பலர் இருந்தார்கள். எங்கள் தெருவிலும் இருந்தார்கள். ஆனால் தங்கள் ஆட்சி வந்தால் நூல் விலை என்ன ஆகும், அரிசி என்ன விலைக்குக் கிடைக்கும் என்று அந்தக் கூட்டணிக்காரர் யாரும் எங்கள் தெருவுக்கு வந்து சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஊரே பேசுகிற ஒரு கோபம் கிடைத்ததும், அதுவே போதும் என்று இருந்துவிட்டார்கள்.

1967இல் அப்படி இல்லை. ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்பது வீட்டுக்கு வீடு தெரிந்த வாக்கு. ஆட்சிக்கு வந்த பின் சென்னையிலும் கோவையிலும்தான் ரூபாய்க்கு ஒரு படி கிடைத்தது. சேலத்துக்கு வரவே இல்லை. அப்பாவுக்கு அது கடைசிவரை ஆறாத மனக்குறை. "சுவரெல்லாம் ஒட்டினோமே, நமக்கு ஒரு படி இல்லையா?" என்பார். இருந்தாலும் கேட்பதற்கு அவரிடம் ஒரு வாக்குறுதி இருந்தது. 1971 கூட்டணி வென்றிருந்தால் அதனிடம் எதைச் சொல்லிக் கேட்டிருப்பார்?

இன்னொரு காட்சி, மலைமேல். 2013 டிசம்பர் 4, ஏற்காடு இடைத்தேர்தல். அரசுப் பள்ளி ஆசிரியையாக எனக்கு வாக்குச்சாவடிப் பணி. முந்தைய நாள் மாலை வாக்கு இயந்திரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அதே அஸ்தம்பட்டி வழியாகத்தான் மலை ஏறினேன். இருபது கொண்டை ஊசி வளைவுகள். மேலே போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது, பல் கிடுகிடுத்தது. காப்பிப் பழம் பறிக்கிற பருவம். காலையில் வரிசையில் நின்ற மலையாளிப் பழங்குடிப் பெண்களின் விரல்களில் கறை இருந்தது.

பெரிய கட்சிகளில் அதிமுகவும் திமுகவும்தான் களத்தில் இருந்தன. மற்றவை ஆளுக்கொரு காரணம் சொல்லி ஒதுங்கிக்கொண்டன. தமிழ்நாட்டில் முதன்முதலாக நோட்டா பொத்தான் வைக்கப்பட்டதும் அந்தத் தேர்தலில்தான். வரிசையில் நின்ற ஒரு பெரியவர் என்னிடம், "டீச்சர், போன தடவை எத்தனையோ கொடி மலைக்கு வந்தது. அவர்களெல்லாம் இந்தத் தடவை எங்கே?" என்று கேட்டார். பணியில் இருந்தபடி நான் என்ன சொல்ல முடியும்? வரிசையில் நகருங்கள் ஐயா என்று மட்டும் சொன்னேன்.

ஆளுங்கட்சி 78 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றது. நான்காயிரத்துக்கும் அதிகமானோர் நோட்டாவை அழுத்தியிருந்தார்கள். முடிவை அந்த நான்காயிரம் மாற்றியிருக்காது, அது எனக்கும் தெரியும். ஆனால் காடு மேடு ஏறி, மணிக்கணக்கில் நின்று, யாரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போக ஒரு மனிதர் வருகிறார் என்றால், அவரைத் தேடி எந்தக் கட்சியும் போகவில்லை என்பதுதானே பொருள்? 2016இல் மாநிலமே அதைப் பெரிய அளவில் பார்த்தது. எதிர்ப்பு நான்கைந்து துண்டாக நின்றது, மூன்றாவது அணிக்கு ஒரு இடம்கூட இல்லை, ஆளுங்கட்சி மீண்டும் வந்தது.

மலேசியாவில் கிள்ளானில் என் ஒன்றுவிட்ட தங்கை இருக்கிறாள். 2018 மே 9 இரவு அவள் தூங்கவே இல்லை. 1957இல் விடுதலை பெற்ற நாளிலிருந்து 61 ஆண்டுகளாக ஒரே அணியின் ஆட்சி. அதை எதிர்த்தவர்களோ ஒருவர் ஆட்சியில் இன்னொருவர் சிறைக்குப் போனவர்கள். 1998இல் பிரதமராக இருந்த மகாதீர்தான் தம் துணைப் பிரதமர் அன்வாரைப் பதவியிலிருந்து நீக்கினார். அதன் பிறகு அன்வார் சிறைக்குப் போனார். அந்த மகாதீர் 92 வயதில் அன்வாரின் கட்சியோடு சேர்ந்து வந்தார். தீபகற்பத்தில் எல்லாக் கட்சிகளும் அன்வார் கட்சியின் சின்னத்திலேயே நின்றன. வென்றார்கள். ஒரு வாரத்தில் அன்வாருக்கு மன்னிப்புக் கிடைத்து வெளியே வந்தார். "அக்கா, என் வாழ்நாளில் இதைப் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை" என்று தொலைபேசியில் அழுதாள்.

22 மாதங்கள்கூட நிறைவாக ஓடவில்லை. 2020 பிப்ரவரியில் ஆட்சி கவிழ்ந்தது. மகாதீர் பதவியை அன்வாரிடம் ஒப்படைப்பார் என்று பேசியிருந்தார்கள். எந்தத் தேதியில் என்பதை எல்லோரும் ஏற்கும்படி முடிவு செய்யவில்லை. அந்தத் தேதிச் சண்டை கூட்டணியை உள்ளிருந்தே அரித்தது, கட்சி தாவல் முடித்துவைத்தது. தங்கை மறுபடி அழைத்தபோது அவள் குரலில் அழுகை இல்லை. அதுதான் என்னை அதிகம் வருத்தியது. நம் நாட்டு ஜனதா கதையும் இதற்கு உறவுதான். நெருக்கடி நிலைக்குப் பிறகு 1977இல் நாலைந்து கட்சிகள் ஒன்றாகக் கரைந்து இந்திரா காந்தியை வீழ்த்தின. 1979 ஜூலையில் மொரார்ஜி தேசாய் பதவி விலகினார்.

1967க்கும் இந்தச் சோதனை வந்திருக்கும். திமுகவுக்குத் தனிப் பெரும்பான்மை கிடைத்துவிட்டதால் ராஜாஜியும் மார்க்சிஸ்டுகளும் ஒரே அமைச்சரவையில் உட்கார வேண்டிய நிலை வரவில்லை. உட்கார்ந்திருந்தால் எத்தனை மாதம் தாங்கியிருக்கும் என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. என் நினைவில் பொன்னாக இருக்கிற ஒன்றைப் பற்றியும் இதைச் சொல்லத்தான் வேண்டும்.

கொள்கை வேறுபாடு உள்ளவர்கள் சேர்ந்தாலே அது சந்தர்ப்பவாதம் என்று பேசும் இளைஞர்களைப் பார்க்கிறேன். அவர்களின் நேர்மை எனக்குப் பிடிக்கிறது, முடிவு பிடிக்கவில்லை. என் அப்பா சந்தர்ப்பவாதி இல்லை. பிப்ரவரி 11 அன்று தறியை நிறுத்தும் வழக்கத்தை அவர் 1967க்குப் பிறகும் விடவில்லை. நீண்ட காலம் ஒரே கட்சி ஆண்டால் கூட்டுறவுச் சங்கத் தலைவர் முதல் ரேஷன் கடை எடைபோடுபவர் வரை எல்லா நாற்காலியும் அந்தக் கட்சியின் நாற்காலியாகிவிடுகிறது. சங்கத்தில் நூல் வாங்கப் போன நெசவாளி, வாசலில் நின்று யாருக்கு வணக்கம் சொல்வது என்று யோசிக்க வேண்டியிருந்ததை நான் குழந்தையாகப் பார்த்திருக்கிறேன். எந்தக் கட்சியானாலும் இதுதான் நடக்கும். அதை அசைக்கப் பழைய பகையை ஓரம் வைத்து ஒன்றுசேர்வதில் இழிவு எதுவும் இல்லை.

இழிவு வேறு இடத்தில் இருக்கிறது. நட்சத்திர ஓட்டல் அறையில் பூட்டிய கதவுக்குப் பின்னால் எனக்கு எத்தனை, உனக்கு எத்தனை என்று மட்டும் பேசிவிட்டு, வெளியே வந்து புன்னகையோடு ஒரு எண்ணை அறிவிக்கிறார்களே, அங்கே இருக்கிறது. அந்த எண்ணுக்குள் நெசவாளி இல்லை, காப்பித் தோட்டத்துக் கூலிப் பெண் இல்லை. தொகுதி கிடைக்காத கட்சியின் தொண்டர் மறுநாள் கொடியைச் சுருட்டி வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடுகிறார். சிலர் எதிரணிக்கே வேலை செய்கிறார்கள். வாக்கு எண்ணுகிற நாளில், வாக்கு மாறவில்லை என்று தலைவர்கள் வியப்படைகிறார்கள்.

ஆகையால், எந்தக் கட்சியானாலும் சரி, ஆளுங்கட்சியை எதிர்த்து ஒன்றுசேரப் போகிறோம் என்று வருகிறவர்களிடம் ஒரு வாக்காளராக நான் கேட்பேன். தொகுதிப் பட்டியலை வெளியிடும் அதே நாளில், வென்றால் முதல் ஆண்டில் என்ன செய்வீர்கள் என்பதையும் எழுத்தில் வெளியிடுங்கள். பதவியைப் பங்கிடுவதாக இருந்தால் எந்தத் தேதியில் யாருக்கு என்பதை இப்போதே எங்கள் முன்னால் சொல்லுங்கள். பிறகு, உங்கள் கட்சிக்குக் கிடைக்காத ஒரு தொகுதிக்கு, கேமரா இல்லாமல், உங்கள் தொண்டர்களோடு போய் ஒரு வாரம் தங்கி வேலை செய்யுங்கள். ஏற்காட்டு மலைக் கிராமங்களுக்குப் போவதாக இருந்தால் இன்னும் நல்லது. அந்தப் பெரியவர் இப்போது இருக்கிறாரோ இல்லையோ, அவர் கேட்ட கேள்விக்கு யாராவது போய்ப் பதில் சொல்ல வேண்டும்.

அம்மாபேட்டை, குகை, பொன்னம்மாபேட்டை, செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் 1967 தேர்தலில் வேலை செய்த அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி யாருக்காவது இருந்தால் அவர்களிடம் கேட்டு இங்கே எழுதுங்கள். எந்தப் பக்கம் நின்றிருந்தாலும் சரி. என் பெரியப்பா அந்தத் தேர்தலில் அப்பாவோடு சுவரொட்டி ஒட்ட வரவில்லை. ஆனால் அத்தனை நாளும் அப்பாவின் தறியில் பாதியில் நின்ற சேலையைத் தம் தறி வேலை முடிந்ததும் அவர்தான் உட்கார்ந்து நெய்து முடித்துக் கொடுத்தார்.