மருத்துவமனைப் பணத்தில் வந்த வீரர்கள்

கனடாவின் மான்ட்ரியாலில் மருத்துவமனை நிறுவிய ழான் மான்ஸ் பற்றி எழுதுகிறவர்கள் ‘கருணையே உருவான செவிலி’ என்று தொடங்கி அதோடு முடித்துவிடுகிறார்கள். மான்ட்ரியாலில் உள்ள சிலையும் அவரைக் காயம்பட்டவரைத் தாங்கிப் பிடித்த கோலத்தில்தான் காட்டுகிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. அந்த அம்மையார் முதலில் ஒரு நிர்வாகி. அதுவும் துணிச்சலான நிர்வாகி.

பிரான்சின் லாங்ர் ஊரில் 1606இல் பிறந்தவர். திருமணம் செய்துகொள்ளவில்லை, கன்னியாஸ்திரியும் ஆகவில்லை. 1642இல் மெசொன்னவ் தலைமையில் ஒரு சிறு கூட்டம் மான்ட்ரியால் தீவில் குடியேறியபோது உடன் சென்றார். மருத்துவமனைக்குப் பணம் கொடுத்தவர் பாரிசின் பணக்கார விதவை மதாம் தெ புயியோன். தன் பெயர் வெளியே தெரியக்கூடாது என்பது அவர் விதித்த நிபந்தனை. டியூப்லைட்டில்கூட ‘உபயம்’ பார்த்துப் பழகிய நமக்கு இது அதிசயம்தான்!

1645இல் மருத்துவமனை எழுந்தது: 60 அடி நீளம், 24 அடி அகலம், அவ்வளவே. 1651க்குள் இரோகுவா என்ற பூர்வகுடிகளின் தாக்குதல்களால் குடியேற்றமே ஆட்டம் கண்டது. மான்ஸும் கோட்டைக்குள் ஒதுங்க நேர்ந்தது. அப்போதுதான் மருத்துவமனைக்கென்று வந்த பணத்திலிருந்து 22,000 லீவ்ரை (அன்றைய பிரெஞ்சு நாணயம்) எடுத்து மெசொன்னவிடம் கொடுத்தார், பிரான்சில் ஆள் திரட்டிவரச் சொல்லி. ஈடாக மருத்துவமனைக்கு நிலம் எழுதி வாங்கிக்கொண்டார். 1653இல் சுமார் நூறு பேர் வந்து இறங்கினார்கள், ஊர் பிழைத்தது.

நோயாளிக்கென்று கொடுத்த பணத்தை ஆயுதம் ஏந்துபவர்களுக்குச் செலவழிக்கலாமா? பிற்காலத்தில் கத்தோலிக்க ஆயர் லவால் இதைக் கிளறினார். குடியேறிகள் பக்கத்தில் நின்று பார்த்தால் மான்ஸ் செய்தது சரி. ஊரே இல்லாமல் போனால் மருத்துவமனை யாருக்கு?

ஆனால் அந்தத் தீவும் அதன் ஆற்று வழிகளும் பூர்வகுடிகள் காலங்காலமாகப் புழங்கியவை. அவர்களைக் கேட்டுக்கொண்டு யாரும் அங்கே குடியேறவில்லை. மான்ஸின் மருத்துவமனையில் பூர்வகுடிகளுக்கும் சிகிச்சை கிடைத்தது உண்மை. அதே மருத்துவமனையின் பணம்தான் அந்த மண்ணில் பிரெஞ்சுக்காரர்களை நிலைநிறுத்தியது என்பதும் உண்மை. தொண்டு ஒரு கை, ஆக்கிரமிப்பு மறு கை என்று பிரித்துப் பார்க்க இங்கே வழியே இல்லை. கணக்குப் புத்தகம் ஒன்றுதான்.

1673இல் இறந்த அவரை, மெசொன்னவுக்கு இணையான நிறுவனர் என்று மான்ட்ரியால் நகரம் அறிவித்தது 2012இல்தான். அந்தப் பட்டம் அவருக்குப் பொருந்தும். நிறுவனர் என்றால் நிறுவப்பட்டதன் பழியிலும் பங்கு உண்டு; அதை மட்டும் ஏன் அவருக்குக் கொடுக்க மறுக்கிறார்கள்?