அவள் எதுவும் செய்யவில்லை

ஞாயிற்றுக்கிழமை பெயர் சூட்டு விழாவில் அந்தப் பெரியவர் கேட்டதை உங்களில் பலரும் அருகிலிருந்தே கேட்டீர்கள். “எட்டாம் மாதமே பிறக்கும்படி அப்படி என்னம்மா செய்தாய்?” மூன்று வாரம் இன்குபேட்டர் கண்ணாடி வழியே பிள்ளையைப் பார்த்திருந்த அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். அவள் எதுவும் செய்யவில்லை.

37 வாரம் நிறைவதற்குள் பிறப்பது குறைப்பிரசவம். இரத்தக் கொதிப்பு, நோய்த்தொற்று, இரட்டைக் கரு, பனிக்குடம் முன்னரே உடைவது எனக் காரணங்கள் உண்டு. பல நேரங்களில் மருத்துவர்களுக்கே காரணம் பிடிபடுவதில்லை. அவர்களாலேயே சொல்ல முடியாததற்குத் தாயிடம் விளக்கம் கேட்பது என்ன நியாயம்?

என் மகளும் 2015-இல், 32-ஆவது வாரத்தில், 1,400 கிராம் எடையில் பிறந்தவள். “ஏழில் பிறந்தால் தங்கும், எட்டில் பிறந்தால் தங்காது” என்று வார்டு வாசலில் ஒருவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. கருவில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்குப் பலம்தான் என்று செவிலியர் சொன்ன பிறகே எனக்கு மூச்சு வந்தது. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் போதாத நிலையில் தொடங்கிய, பிள்ளையை வெற்று நெஞ்சோடு அணைத்து வைத்திருக்கும் கங்காரு பராமரிப்பையும் அவரே எங்களுக்குக் கற்றுத் தந்தார். வீடு திரும்பிய பிறகு, நான் உறங்குவதற்காக என் கணவர் சட்டையைக் கழற்றிவிட்டு அவளை நெஞ்சோடு அணைத்தபடி இரவெல்லாம் சாய்ந்திருந்தார்.

அக்கறையில்தானே கேட்டார் என்பீர்கள். அக்கறை உள்ளவர், குறைமாதப் பிள்ளைக்கு 30 நாளுக்குள் செய்ய வேண்டிய விழித்திரைப் பரிசோதனை ஆயிற்றா என்று கேட்டிருக்கலாம். தாய் சாப்பிட்டாளா என்றாவது கேட்டிருக்கலாம். காரணம் தெரிந்தால் அடுத்த பிரசவத்துக்கு உதவும் என்பது உண்மைதான், ஆனால் அதை மருத்துவர் தனியே கேட்டுக்கொள்வார், பந்தியில் வேண்டாம். பத்து மாதமாகியும் தவழவில்லையே என்றும் சொல்லாதீர்கள். இரண்டு மாதம் முந்திப் பிறந்த பிள்ளைக்கு அந்த இரண்டு மாதத்தைக் கழித்துத்தான் வளர்ச்சியைக் கணக்கிட வேண்டும்.

எனக்கு அன்று கிடைத்த விடுப்பு 12 வாரம். அதில் நான்கு வாரம் மருத்துவமனையிலேயே கரைந்தது. 2017-இல் அது 26 வாரமானது. ஆனாலும் பிள்ளை மருத்துவமனையில் கிடக்கும் நாள்கள் அதிலிருந்துதானே கழிகின்றன? பிரிட்டனில் 2025 ஏப்ரல் முதல் இத்தகைய பிள்ளைகளின் தாய், தந்தை இருவருக்கும் 12 வாரம் வரை தனி விடுப்பு உண்டு. இங்கே அதைக் கேட்க வேண்டிய நாம், அவள் மாடிப்படி ஏறினாளா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

ஞாயிறு இரவு அவள் என்னை அழைத்து, “அக்கா, நான் படி ஏறியதால்தானா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். சற்று நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டாள்.