தேர்வு முடிந்த பிறகும் எதற்கு இந்த ரகசியம்?

அக்கா மகன், வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான எஃப்எம்ஜிஇ தேர்வை முதல் தடவை எழுதிவிட்டு அன்று ராத்திரி நேராக என் வீட்டுக்கு வந்தான். கூடவே இரண்டு நண்பர்கள். மூன்று பேரும் பிலிப்பைன்ஸில் ஒன்றாகப் படித்தவர்கள். சாப்பிட்ட கையோடு ஒரு நோட்டை விரித்து வைத்து, ஞாபகம் இருக்கும் கேள்விகளை ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்தார்கள். ஒரு கேள்வியில் சண்டை வந்துவிட்டது. நாள் தள்ளிப்போன பெண், அடிவயிற்றில் கடும் வலி, அடுத்து என்ன செய்வீர்கள்? ஸ்கேனா, நேராக ஆபரேஷன் தியேட்டரா?

"பிபி எவ்வளவு கொடுத்திருந்தாங்க?" என்று கேட்டேன்.

"80/50 சித்தி" என்றான் இவன். "இல்லடா, 110/70" என்றான் நண்பன். மூன்றாமவனுக்கு பிபி கொடுத்திருந்ததாகவே ஞாபகம் இல்லை.

நான் மகப்பேறு மருத்துவர். கரு குழாயில் தங்கி, குழாய் வெடித்து, பிபி 80/50-க்கு இறங்கி வரும் பெண்ணை ஸ்கேன் அறை வாசலில் உட்கார வைத்தால் உயிர் போய்விடும். அதே பெண் 110/70-ல் இருந்தால் முதலில் ஸ்கேன்தான். அந்த ஒரு எண்ணில் விடையே மாறுகிறது. அவன் போட்ட பதில் சரியா, தப்பா? அன்றைக்கு என்னால் சொல்ல முடியவில்லை. கேள்வியை எங்காவது எடுத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

அந்த முறை அவன் தேறவில்லை. அடுத்த முறை நல்ல மதிப்பெண்ணில் தேறி, இப்போது ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறான். ஆகவே வீட்டுப் பிள்ளை ஃபெயிலான கோபத்தில் இதை எழுதவில்லை. ரொம்ப நாளாக மனதில் கிடப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

வெளிநாட்டில் மருத்துவம் படித்து வருபவர்கள் இங்கே பதிவு செய்ய வேண்டுமானால் எழுத வேண்டிய ஸ்கிரீனிங் டெஸ்ட்தான் எஃப்எம்ஜிஇ. 2002-ல் விதிகள் வந்தன. வருடத்துக்கு இரண்டு முறை தேர்வு. ஒரே நாளில் 150, 150 என 300 கேள்விகள். 150 எடுத்தால் டாக்டர், 149 எடுத்தால் இல்லை. தேர்வு தேவையா என்று யாராவது கேட்டால், கட்டாயம் தேவை என்பேன். லேபர் வார்டில் என் பக்கத்தில் நிற்கப்போகிறவருக்கு அடிப்படை தெரிந்திருக்க வேண்டும். கட்ஆஃபைக் குறைக்கச் சொல்லி நான் ஒரு நாளும் கேட்க மாட்டேன்.

நான் கேட்பது வேறு. தேர்வு தொடங்கும் முன் கணினித் திரையில் ஓர் ஒப்பந்தம் வரும். கேள்விகளை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்டால்தான் மேலே போக முடியும். முடிந்த பிறகு கேள்வித்தாள் வெளிவராது, மறுமதிப்பீட்டுக்கும் இடமில்லை. மொத்த மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு அடுத்த ஆறு மாதம் மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியதுதான். எங்கே சறுக்கினோம் என்று தெரியாமல் எதைப் படிப்பது?

நம் ஊரில் பிளஸ் டூ பிள்ளைக்கு விடைத்தாள் நகல் கிடைக்கிறது. பார்த்துவிட்டு மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்கலாம். குரூப் 4 எழுதியவருக்கு டிஎன்பிஎஸ்சி உத்தேச விடைகளை வெளியிட்டு, ஆட்சேபம் இருந்தால் சொல் என்கிறது. மதிப்பிட்ட விடைத்தாளை ஆர்டிஐ மூலம் பார்க்க மாணவனுக்கு உரிமை உண்டு என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உயிரைக் காக்கும் வேலைக்கு ஆள் எடுக்கும் தேர்வு மட்டும் ஏன் இப்படி இருட்டில் கிடக்கிறது?

தாளை வெளியிட்டால், மறுபடி பயன்படுத்தச் சேர்த்து வைத்திருக்கும் கேள்வி வங்கி காலியாகிவிடும் என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. நல்ல ஒரு கேள்வியை உருவாக்க நாலு பேர் உட்கார்ந்து மண்டையை உடைக்க வேண்டும். நானும் கேள்வி எழுதிப் பார்த்தவள்தான். ஆனால் நடைமுறையில் நடப்பது என்ன? தேர்வு முடிந்த அன்று மாலையே டெலிகிராமில் 'ரீகால்', அதாவது ஞாபகத்திலிருந்து எழுதிய கேள்விகள், ஓட ஆரம்பித்துவிடுகிறது. கோச்சிங் சென்டர்கள் அதைத் தொகுத்து அடுத்த பேட்சுக்குப் பாடமாகவே நடத்துகின்றன. ரகசியம் காப்பேன் என்று கொடுத்த வாக்கை மதித்து வாயை மூடிக்கொள்கிற பிள்ளைக்குத்தான் எதுவும் கிடைப்பதில்லை. அந்த ரீகாலிலும் 80/50 எது, 110/70 எது என்று யாருக்கும் உறுதியில்லை. தப்பான கேள்விக்குத் தப்பான விடையை மனப்பாடம் செய்துகொண்டு அடுத்த தேர்வுக்குப் போகிறார்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். 2024 டிசம்பர் பருவத் தேர்வில் தேறியவர்கள் 29.62 சதவீதம். அடுத்த ஜூன் 2025 பருவத்தில் 18.61 சதவீதம். ஆறே மாதத்தில் பிள்ளைகளின் தரம் இவ்வளவு இறங்கிவிட்டதா, கேள்வித்தாள் கடினமா, வந்த கூட்டமே வேறா? தாள் வெளியே இருந்தால் ஒவ்வொரு துறையிலும் நாலு பேராசிரியர்கள் படித்துப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். தாள் எப்படி இருந்தாலும் கோடு மட்டும் 150-லேயே நிற்கிறது. வெளிநாட்டில் படித்த மருத்துவர்களுக்குப் பிரிட்டன் வைக்கும் பிளாப் தேர்விலும் கேள்விகளை வெளியிடுவதில்லைதான். ஆனால் அங்கே ஒவ்வொரு தாளுக்கும், விளிம்பில் நிற்கிற ஒரு டாக்டர் இந்தக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்வாரா என்று மருத்துவர் குழு ஒன்று கணித்து, அதை வைத்துத் தேர்ச்சிக் கோட்டைப் போடுகிறது. கோடு எப்படிப் போடப்படுகிறது என்பதை அந்நாட்டு மருத்துவர்களைப் பதிவு செய்யும் ஜெனரல் மெடிக்கல் கவுன்சில் வெளிப்படையாகச் சொல்கிறது.

கம்ப்யூட்டர் திருத்துகிறது, அதில் தப்பு எப்படி வரும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அதே பிரிட்டனில், பொது மருத்துவத்தில் மேற்படிப்புக்கான எம்ஆர்சிபி இரண்டாம் பாகத் தேர்வில், 2023 செப்டம்பரில் எழுதியவர்களின் முடிவில் பிழை நடந்ததாக 2025 பிப்ரவரியில் அறிவித்தார்கள். தேறிவிட்டதாகச் சொல்லப்பட்ட 222 பேர் உண்மையில் தேறவில்லை. தேறவில்லை என்று சொல்லப்பட்ட 61 பேர் உண்மையில் தேறியிருந்தார்கள். அந்த 61 பேரின் ஒன்றரை வருடத்தை யார் திருப்பித் தருவது? ஆனாலும் எண்ணிக்கையோடு வெளியே வந்து சொன்னார்களே, அதற்கு மதிப்பு உண்டு.

நம் நாட்டிலேயே கண்கூடான உதாரணம் இருக்கிறது. 2024 இளநிலை நீட் தேர்வில், இயற்பியலில் ஒரே கேள்விக்கு இரண்டு விடைகள் சரி என்று மதிப்பெண் கொடுத்துவிட்டார்கள். விடைக்குறிப்பு வெளியே இருந்ததால்தான் விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஐஐடி டெல்லி நிபுணர்கள் பார்த்து, ஒரு விடைதான் சரி என்றார்கள். நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஐந்து மதிப்பெண் குறைந்தது. முதலிடத்தில் இருந்தவர்களின் எண்ணிக்கை கடைசியில் 17 ஆனது. மூடிய தாளாக இருந்திருந்தால் அந்தப் பிழை அப்படியே தங்கியிருக்கும்.

முதுநிலை நீட் விஷயத்தில் 2025 மே மாதம் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, விடைக்குறிப்பையும் மூல மதிப்பெண்ணையும் (சமன்படுத்தும் முன் எடுத்த மதிப்பெண்) வெளியிட உத்தரவிட்டது. சந்தோஷப்பட்டோம். ஆகஸ்டில், அந்தத் தேர்வையும் எஃப்எம்ஜிஇயையும் நடத்தும் தேசியத் தேர்வு வாரியத்தின் அறிவிப்பு வந்தது. கேள்வியின் அடையாள எண், அதற்கான சரியான விடை, நீங்கள் போட்ட விடை, இவ்வளவுதான். கேள்வி கிடையாது. இந்த எண்ணுள்ள கேள்விக்குச் சரியான விடை 'பி' என்றால், எதை எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது? வெறும் இலையைப் போட்டுவிட்டுச் சாப்பிடச் சொல்வது போல இருக்கிறது.

நோயாளிகளின் பாதுகாப்புக்காகத்தான் இந்தக் கெடுபிடி என்றும் ஒரு வாதம். எஃப்எம்ஜிஇ தேறாமலேயே 73 பேர் பதிவு பெற்றுவிட்டதாக 2022 டிசம்பரில் சிபிஐ வழக்குப் போட்டது. 14 மாநில மருத்துவக் கவுன்சில்களின் பெயர் அதில் அடிபட்டது. கேள்வித்தாளைப் பூட்டி வைத்தது அதைத் தடுக்கவில்லையே.

முழுத் தாளையும் உடனே இணையத்தில் போடுங்கள் என்று நான் பிடிவாதம் பிடிக்க மாட்டேன். எழுதியவர் ஒரு மையத்துக்குப் போய், போனைக் கொடுத்துவிட்டு, தன் தாளையும் விடையையும் ஒரு மணி நேரம் பார்க்கட்டும். சந்தேகமான கேள்விக்குக் கட்டணம் கட்டி ஆட்சேபிக்கட்டும். எத்தனை கேள்விகள் நீக்கப்பட்டன, ஏன் நீக்கப்பட்டன என்று வாரியம் சொல்லட்டும். பாடவாரியாக மதிப்பெண் கொடுக்கட்டும்.

இதை இப்போது சொல்லக் காரணம் இருக்கிறது. 2019-ன் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 15-வது பிரிவில், எம்பிபிஎஸ் கடைசி ஆண்டுக்கான பொதுத் தேர்வான நெக்ஸ்ட்டைக் கொண்டுவந்தது. தள்ளித் தள்ளிப் போகிறது. ஆனால் வந்துவிட்டால் இங்கேயே படிக்கும் நம் பிள்ளைகளும் எழுதித்தான் ஆக வேண்டும். "மேடம், நெக்ஸ்ட்டில் ஆன்சர் கீ தருவாங்களா?" என்று போன வாரம் ஒரு ஹவுஸ் சர்ஜன் தையல் போட்டுக்கொண்டே கேட்டாள். மருத்துவர் சங்கங்களில் இருப்பவர்கள், எம்.பி.க்களைத் தெரிந்தவர்கள், அந்த விதிகள் கடைசி வடிவம் பெறும் முன் ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்: எழுதியவருக்குத் தன் தாளைப் பார்க்கும் உரிமை உண்டு.